23 வருஷம் ராத்திரி மெட்ராஸ் மட்டுமே பார்த்தவனுக்குப் பகலில் எதைக் காட்டலாம்?

குடியாத்தம் தறிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறேன், சொந்தமாக இரண்டு தறி. நண்பன் ஒருவனோடு ஒரே ஒரு நாள் சென்னைக்குப் போய்வர வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் யோசனை கேட்கிறேன்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும். ஐந்தாம் வகுப்பிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். அவன் லாரி டிரைவர். பலமநேர், வி.கோட்டா பக்கம் தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு 23 வருஷம் ஓட்டியிருக்கிறான். எத்தனை நடை போயிருப்பான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. ஆனால் அவன் பார்த்ததெல்லாம் ராத்திரி மெட்ராஸ். பகலில் பெரிய வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். பூந்தமல்லிக்கு வெளியே காத்துக் கிடந்து, ராத்திரி உள்ளே போய், லோடு இறக்கி, விடிவதற்குள் மதுரவாயலைத் தாண்டிவிட வேண்டும். விடிந்துவிட்டால் அன்று முழுக்க வண்டியோடு உள்ளே மாட்டிக்கொள்வான், ஓனர் அடுத்த நடைக்குக் கத்துவார். அதனால் ஒரு நாளும் அங்கே தங்கியதில்லை. கடற்கரை பார்த்ததில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் முகப்பைக்கூட டிவியில்தான் பார்த்திருக்கிறான். போன மாதம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்குத் தெரிஞ்ச மெட்ராஸ்ல வெயிலே கிடையாதுடா" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆடி மாதத்தோடு வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டான். இடது முட்டி போய்விட்டது. 23 வருஷம் கிளட்ச் மிதித்த கால். சமதரையில் மெதுவாக நடப்பான். படி என்றால் கைப்பிடி வேண்டும், ஒரு மாடிக்கு மேல் முடியாது.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை ஏறி அதே வண்டியில் சாயங்காலம் திரும்பலாம் என்று நினைக்கிறேன். அமாவாசைக்கு எங்களுக்குத் தறி லீவு. வருகிற அமாவாசை வெள்ளிக்கிழமை, அன்றைக்கே போகலாம் என்று எண்ணம். இரண்டு பேருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் வைத்திருக்கிறேன். மியூசியம், மெரினா, கலங்கரை விளக்கம், மயிலாப்பூர் கோயில், கோட்டை, பாரிமுனை, தி.நகர் என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கிறேன். எது முடியும், எது முடியாது? முட்டி வலிக்காரனை எப்படி அழைத்துப் போவது? சொல்லுங்கள்.

---

சீசன் டிக்கெட்:

அண்ணா, நான் வாலாஜா ரோட்டிலிருந்து அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவன். முதலில் வண்டி விஷயம் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தத்தில் ஏறும்போது உட்கார இடம் கிடைத்துவிடும். காட்பாடியில் கூட்டம் ஏறும், அரக்கோணத்துக்கு மேல் நிற்பவர்கள் அதிகம். அதனால் நண்பரை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஆவடி தாண்டியதும் எழுந்திருக்காமல் அப்படியே இருங்கள். சென்ட்ரல் கடைசி ஸ்டேஷன்தான். எல்லோரும் இறங்கிப் போன பிறகு நிதானமாக இறங்கலாம். வேலைக்கு ஓடுகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள், அந்த நெரிசலில் முட்டியோடு மாட்டக்கூடாது.

சாயங்காலம் அதே வண்டி சென்ட்ரலில் ஆறு மணிக்குச் சற்று முன்பே கிளம்பிவிடும். அரைமணி முன்னால் வந்தால்தான் இடம். அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, எட்டு மணி நேரம். சீட்டில் ஏழு இடம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். என் மாமனாரை ஒருமுறை ஐந்து இடம் சுற்றிக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஆட்டோவும் சிக்னலும்தான் நினைவிருந்தது.

இன்னொன்று, போகும்போது ஒரு வழி டிக்கெட் மட்டும் எடுங்கள். திரும்புவதை அங்கே போய் முடிவு செய்யலாம். ரயிலை விட்டால் பஸ் இருக்கிறது என்ற எண்ணம் இருந்தால் அவசரப்படாமல் சுற்றுவீர்கள்.

---

திருவல்லிக்கேணி டீச்சர்:

தம்பி, உங்கள் நண்பர் சொன்ன அந்த வார்த்தையைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 40 வருஷமாகத் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். எனக்கும் முட்டி தேய்ந்துதான் கிடக்கிறது, அதனால் இந்த ஊரில் எங்கே எத்தனை படி என்று நன்றாகவே தெரியும்.

முதலில் வெள்ளிக்கிழமையை மாற்றுங்கள். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. வியாழக்கிழமை வாருங்கள், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் ஓடாதீர்கள். வெளியே வந்து அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 1873இல் வந்தது. பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை, 1913இல் கட்டி முடித்த மாநகராட்சிக் கட்டடம். வெயில் ஏற ஏற அந்த வெள்ளை கண்ணைக் கூசும். பகலில் பார்க்க வேண்டிய கட்டடம் என்றால் எனக்கு அதுதான். அங்கிருந்து மெட்ரோவில் எழும்பூர் அடுத்த ஸ்டேஷன். பஸ்ஸைவிட மெட்ரோ ஏன் என்றால் லிஃப்ட். தரையிலிருந்து பிளாட்பாரம் வரை ஒரு படிகூட ஏறாமல் போகலாம். பறக்கும் ரயில் பார்க்க அழகுதான், ஆனால் ஸ்டேஷன்கள் உயரத்தில் இருக்கின்றன, படிகள் நிறைய. அவருக்கு வேண்டாம்.

மியூசியத்தில் எல்லாக் கட்டடமும் சுற்றினால் இரண்டு நாள் ஆகும். 1851இல் தொடங்கியது, அத்தனை சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். காலையில் நீங்கள் வரும் ரயில் அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு ஸ்டேஷன் வழியாகத்தான் வரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த ஊர். ஜன்னலில் பெயர்ப்பலகையைக் காட்டி வையுங்கள், மியூசியத்தில் அந்த ஊர்ச் சாமியைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு சொந்தம் வரும். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கே இருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.

மத்தியானம் ஆட்டோவில் எங்கள் பேட்டைக்கு வந்துவிடுங்கள். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக்காரரிடம் பிரியாணிக் கடை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிடுங்கள். 1948இலிருந்து நடக்கிற கடை. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள், இன்னும் வேண்டுமென்றால் கேளுங்கள்.

மெரினாவில் மணல் அகலம் அதிகம். நல்ல காலுக்கே வலிக்கும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி உடைந்து மறுபடி சரிசெய்தார்கள். அதில் போனால் அலைக்குப் பக்கத்திலேயே போய்விடலாம். கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் விடாதீர்கள் தம்பி, இழுப்பு ஜாஸ்தி.

கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்கு மேல் கொஞ்சம் படியும் உண்டு. மத்தியானம் மூடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அவர் கால் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுங்கள். மயிலாப்பூர், கோட்டை, தி.நகர் மூன்றையும் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

---

மண்டிக் கணக்குப்பிள்ளை:

டீச்சரம்மா சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் வேறு மாதிரி சொல்வேன் அண்ணே. கோயம்பேட்டுக்கும் கூட்டிப் போங்கள்.

நான் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் நண்பர் மாதிரி டிரைவர்களைத் தினமும் பார்க்கிறவன். ராத்திரி வண்டி வரிசை, ஹார்ன், சுமைக்காரர்கள் கூச்சல், கீழே நசுங்கின தக்காளி, இதுதான் அவர்களுக்குக் கோயம்பேடு. மத்தியானம் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் வேறு இடம் மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் மூட்டைமேல் படுத்துத் தூங்குவார்கள், நடைபாதையில் நடக்க இடம் இருக்கும். பூ மார்க்கெட் பக்கம் வாசனையை நின்று அனுபவிக்கலாம். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து இங்கே வந்த சந்தை. அவர் 23 வருஷம் இதற்குச் சோறு கொண்டுவந்தவர். மெரினாவை எல்லோரும் பார்க்கிறார்கள். தன் வேலை போய்ச் சேர்ந்த இடத்தை அவர் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்க வேண்டாமா?

சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நேராக வருகிறது, மாற வேண்டியதில்லை.

---

குடியாத்தம் தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். மியூசியம், இட்லி, மெரினா மூன்றும் உறுதி. கோயம்பேடு பற்றி அவனிடம் இப்போது கேட்கவில்லை. "அங்கேயா?" என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.

---

குடியாத்தம் தறிக்காரன்:

போய் வந்துவிட்டோம். நேற்றே எழுதியிருக்க வேண்டும், பாவு முடிக்க வேண்டியிருந்தது.

ரயிலில் அவன் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. அவன் ரோடு வேறு, இந்தத் தண்டவாளம் வேறு. சோளிங்கர் மலையைப் பார்த்து, "இது இவ்வளவு பக்கமா?" என்று கேட்டான். திருவாலங்காட்டுப் பெயர்ப்பலகையைக் காட்டினேன். காரைக்கால் அம்மையார் கதையைச் சொன்னேன். பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா நான் விட்ட இடத்தையெல்லாம் எடுத்துச் சொன்னார். தம்பி சொன்னபடி சென்ட்ரலில் கடைசியாக இறங்கினோம்.

வெளியே வந்து திரும்பிப் பார்க்கச் சொன்னேன். மணிக்கூண்டைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான், ரொம்ப நேரம். என்னடா என்றேன். "இவ்வளவு ஜனமாடா!" என்றான். அவன் பார்த்த மெட்ராஸ் ரோடுகளில் நாயும் போலீஸும்தான் இருப்பார்களாம். ரிப்பன் மாளிகை டீச்சர் சொன்ன மாதிரியே கண்ணைக் கூசியது. அங்கே இருந்த சின்னக் கட்டையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டு போன தண்ணீரைக் குடித்துவிட்டு, அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு மணி நேரத்தில் அரைமணி நேரம் வீண் என்று முதலில் எனக்குத் தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

எழும்பூரில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் மியூசியத்துக்கு 200 ரூபாய் கேட்டார். வேறொருவர் 80க்கு வந்தார். ஒரு கிலோமீட்டர் இருக்குமா என்பதே சந்தேகம், ஆனால் அவன் காலை மிச்சம் பிடிக்கத்தானே வந்திருக்கிறோம்.

சிலைக் கூடத்தைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. நடராஜர் முன்னால் நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அவன் நகரவில்லை. சுற்றி இருக்கும் தீச்சுடர் வளையம், திருவாசி என்பார்கள், அது இல்லை அந்தச் சிலைக்கு. அதனால் உடம்பு மட்டும் வெட்டவெளியில் ஆடுகிற மாதிரி இருக்கிறது. அவன் குனிந்து கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "மொத்த வெயிட்டும் ஒத்தக் கால்ல நிக்குது பாரு. ஒரு பக்கம் சாயல" என்றான். லோடு ஏற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டி கவிழ்ந்துவிடும். அதை 23 வருஷம் பார்த்த கண் அது. அப்புறம் அங்கே இருந்த மற்றச் சிலைகளின் பீடங்களைப் பார்த்தான். துவாரமும் வளையமும் இருந்தன. இது எதற்கு என்று என்னிடம் கேட்டான், எனக்குத் தெரியவில்லை. காவலாளி ஐயா சொன்னார், திருவிழாவுக்குத் தண்டு கோத்துத் தூக்கிப் போவதற்காம். நண்பன் தலையாட்டினான். "அப்ப இதெல்லாம் ரோட்ல போன சாமிங்க" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிலையிலும் அவன் முதலில் பார்த்தது பீடத்தைத்தான். அர்த்தநாரீஸ்வரர் முன்னால் எனக்கு நேரம் போனது. ஒரே உடம்பில் ஆண் பக்கத்துத் துணிக்கு ஒரு மடிப்பு, பெண் பக்கத்துக்கு வேறு மடிப்பு. வெண்கலத்தில் துணியை இப்படி விழ வைத்தவர் நெசவாளி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பார் இட்லி இரண்டு தடவை வாங்கினோம். டீச்சரம்மாவுக்கு நன்றி.

மரப்பாதையில் போகும்போது மணி இரண்டு இருக்கும், நல்ல வெயில். சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணை அவள் அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார், நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். பாதை முடிந்த இடத்தில் அவன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் இறங்கினான். அலை முட்டிக்குக் கீழேதான் வந்தது. குனிந்து தண்ணீரை அள்ளி இடது முட்டியில் தடவினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயில் வைத்துப் பார்த்து, "ஆமாம், உப்புதான்" என்றான்.

கலங்கரை விளக்கம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போதுதான் கோயம்பேட்டைச் சொன்னேன். உடனே பதில் வரவில்லை. பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "போலாம்டா. விளக்கு அங்கேயே இருக்கட்டும்" என்றான்.

ஆட்டோவில் அரசினர் தோட்டம் மெட்ரோவுக்குப் போய், சென்ட்ரலில் வண்டி மாறினோம். திருமங்கலம் வரை சுரங்கத்துக்குள்ளேயே போகிறது. அதைத் தாண்டியதும் மேலே ஏறுகிறது. வெளிச்சம் சட்டென்று உள்ளே வந்தது, அடுத்த ஸ்டேஷன் கோயம்பேடு. அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கீழே ரோட்டைக் காட்டி, எந்த இடத்தில் ஒதுக்குவான், எங்கே போலீஸ் நிற்கும், எந்தத் திருப்பத்தில் ஒரு மழைநாளில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் காலேஜ் பையன் ஒருவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

மார்க்கெட்டில் கணக்குப்பிள்ளை தம்பி சொன்னது உண்மை. பாதிக் கடைகளில் தூக்கம். அவன் தக்காளி இறக்கும் வாசல் பக்கம் போய் நின்றோம். மேலே நிமிர்ந்து பார்த்தான். "இதுக்கு இவ்ளோ உயரத்துல கூரை இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றான். ராத்திரி விளக்கு கீழே மட்டும்தான் எரியுமாம். 2020இல் கொரோனாவுக்காகச் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள் இல்லையா, அப்போது சேற்றில் வண்டி இறங்கி இரண்டு மணி நேரம் தள்ளிய கதையை அங்கே நின்றுதான் முதல் தடவையாகச் சொன்னான். ஒரு பெட்டிமேல் படுத்திருந்த பெரியவர் அவன் குரலைக் கேட்டு எழுந்து, "பலமநேர் வண்டியா நீ?" என்றார். முகம் தெரியாது, குரல்தான் தெரியும் என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கிளம்பும்போது கனகாம்பரமும் மல்லியும் இரண்டு வீட்டுக்கும் வாங்கினோம்.

அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. ரயிலுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஒரு வழி டிக்கெட் எடுக்கச் சொன்ன தம்பியை அப்போது நினைத்துக்கொண்டேன். "பஸ்ல போலாமா? என் ரோட்ல" என்று அவன்தான் கேட்டான். வேலூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு கிடைத்தது. செலவு மொத்தம் 1,700க்குள் முடிந்தது, பூவும் சேர்த்து.

மதுரவாயல் தாண்டும்வரை ரோட்டை அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான் என்று சொல்ல வேண்டும். இடது கால் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. பூந்தமல்லிக்கு வெளியே, அவன் காத்துக் கிடக்கும் இடத்தைக் காட்டினான். அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது. பகலில் அதற்கு நல்ல நிழல். ஸ்ரீபெரும்புதூர் வரும்போது வெளிச்சம் மஞ்சளாகி, ரோட்டின் இரண்டு பக்கமும் ஏரி, வயல், கம்பெனிக் கட்டடம் எல்லாம் தெரிந்தன. பேச்சு குறைந்தது. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தான், தலை என் தோளில்.

அந்த ரோட்டில் அவன் தூங்கியதே இல்லை. தூங்கக் கூடாது என்பதற்காகவே பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஓட்டுவான், எனக்குத் தெரியும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காஞ்சிபுரம் பிரிவு போனது, காவேரிப்பாக்கம் போனது. வாலாஜா டோல்கேட்டில் பஸ் நின்று, விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்ததும்தான் கண்ணைத் திறந்தான்.

"எந்த ஊர்டா இது?" என்று கேட்டான்.